கொண்டை சிவக்கும் காலம்

பண்ணைக் கூண்டில் வளரும் வெள்ளை லெகார்ன் 18, 19 வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். கொல்லையில் மேயும் நாட்டுப் பெட்டைக்கு ஆறு மாதம் ஆகலாம், ஏழு மாதமும் ஆகலாம். குஞ்சு வாங்கிவந்த அன்றே முட்டைக் கணக்குப் போட்டுவைத்த வீட்டில் இந்த இடைவெளி மெல்ல மனத்தாங்கலாக வளரும். ஐந்தாம் மாதம் முடிந்ததும் ‘இது தேறாத கோழி’ என்ற பேச்சு எழும். ஆறாம் மாதம் மிளகாய் அரைக்கும் யோசனை வரும். வெடக்கோழிக் குழம்புக்கு ஊரில் என்றும் மவுசு உண்டு என்பதால், பல கோழிகளின் கதை அங்கேயே முடிந்துபோகிறது.

அப்படி அவசரப்பட்டு அறுத்த கோழியைச் சுத்தம் செய்யும்போது சில சமயம் கை தயங்கும். முதுகெலும்பை ஒட்டி, இடப்பக்கமாக, மிளகளவு, சுண்டைக்காயளவு, நெல்லிக்காயளவு என்று மஞ்சள் கருக்கள் கொத்தாகத் தொங்கும். இன்னும் சில நாள் விட்டிருந்தால் அவற்றில் பெரியது முட்டையாக வந்திருக்கும்.

அந்தக் கொத்து இடப்பக்கம் மட்டும் இருப்பதற்குக் காரணம் உண்டு. முட்டைக்குள் கருவாக இருக்கும்போது பெட்டைக்கு இரண்டு சினைப்பைகள் உருவாகின்றன. வலப்பக்கத்தது வளராமல் சுருங்கிவிடுகிறது. ஆயுள் முழுக்க வேலை செய்வது இடப்பக்கச் சினைப்பையும் அதனோடு இணைந்த சினைக்குழாயும்தான். குஞ்சு பொரிந்து வரும்போதே நுண்ணிய கருமுட்டைகள் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கின்றன. மாதக்கணக்கில் அவை சும்மா கிடக்கும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து உத்தரவு வந்த பிறகே சிலவற்றில் மஞ்சள் ஏறும்.

மஞ்சளைத் தயாரிப்பது சினைப்பை அல்ல, ஈரல். ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கியதும் ஈரல் பெருத்து, கொழுப்பையும் புரதத்தையும் பிணைத்து இரத்தத்தில் அனுப்புகிறது. முட்டையிடும் கோழியின் இரத்த நீர் தெளிவாக இருக்காது; கொழுப்பேறி வெளுத்துக் கலங்கியிருக்கும். ஒரு கருமுட்டை முழு அளவுக்கு வர ஏழு முதல் பத்து நாள் பிடிக்கிறது. ஒன்று முதிரும்போது அடுத்தது ஒரு நாள் பின்தங்கி, அதற்கடுத்தது இன்னும் ஒரு நாள் பின்தங்கி என்று வரிசை நிற்கும். இதே நாட்களில், அதுவரை மெல்லிய இழையாகக் கிடந்த சினைக்குழாய் நீண்டு, மடிந்து, 65 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்துவிடுகிறது.

சரி, அந்த உத்தரவு எப்போது பிறக்கிறது? பறவைகளுக்கு அதில் பெரும்பங்கு வெளிச்சத்துக்கு. அதுவும் கண்ணால் பார்க்கும் வெளிச்சம் அல்ல. 1930களில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் ஜாக் பென்வா வாத்துகளை வைத்துச் சோதனை செய்தார். கண்கள் நீக்கப்பட்ட இளம் ஆண் வாத்துகளுக்கும் நீண்ட பகல் கொடுத்தபோது விரைகள் வளர்ந்தன. கொடூரமான சோதனைதான், ஆனால் மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள்ளேயே வெளிச்சத்தை உணரும் செல்கள் இருக்கின்றன என்ற உண்மைக்கு அதுதான் வாசலைத் திறந்தது. பின்னர் அமெரிக்காவில் மைக்கேல் மெனக்கர் சிட்டுக்குருவிகளின் தலைத் தோலுக்கடியில் கறுப்பு மையைச் செலுத்தி வெளிச்சத்தை மறைத்துப் பார்த்து, அந்த முடிவை உறுதிப்படுத்தினார். கோழிக்கும் இதே ஏற்பாடுதான். பகல் நீளுவதை மூளையின் ஹைப்போதலாமஸ் உணர்கிறது, பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி போகிறது, அங்கிருந்து கிளம்பும் ஹார்மோன்கள் சினைப்பையை எழுப்புகின்றன.

இதைப் படித்துவிட்டுக் கோழிக்கூட்டில் பல்பு மாட்டக் கிளம்புவோர் உண்டு. கொஞ்சம் நிதானிக்க வேண்டும். லண்டனில் கோடைப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலப் பகல் 8 மணி நேரத்தையும் எட்டாது. அங்கே இலையுதிர் காலத்தில் பருவத்துக்கு வரும் பெட்டை அடுத்த வசந்தம்வரை முட்டையிடாமல் இருந்துவிடக்கூடும். பல்பு அறிவுரை அந்த ஊருக்கானது. சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான்; கன்னியாகுமரிப் பக்கம் போனால் அதைவிடவும் குறைவு. நாமக்கல் பண்ணைகளில் விளக்குப் போட்டுப் பகலை 16 மணி நேரமாக நீட்டுகிறார்கள் என்பது உண்மை. அங்கே கோழியின் எடை வாரந்தோறும் கண்காணிக்கப்படுகிறது, தீவனம் கிராம் கணக்கில் அளக்கப்படுகிறது, ஆண்டுக்கு 300க்கு மேல் முட்டையிடத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனமும் கூண்டில் இருக்கிறது. எடை தேறாத பெட்டைக்கு விளக்கை மட்டும் போட்டு அவசரப்படுத்தினால் வருவது சின்ன முட்டை. சில சமயம் முட்டையோடு சினைக்குழாயே வெளியே பிதுங்கிவந்து கோழி செத்தும் போகும்.

தமிழ்நாட்டுக் கொல்லையில் முட்டையைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் இருட்டல்ல, இரைதான். கம்பும் குருணையும் தவிடும் தெம்பைத் தரும். ஆனால் உடல் கட்டப் புரதம் வேண்டும். மேய்ச்சலில் கிடைக்கும் புழு, பூச்சி, வெட்டுக்கிளி அந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன. வீட்டைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டுவிட்ட இடங்களில் கோழி நாள் முழுக்கச் சுற்றினாலும் அதற்குக் கிடைப்பது சோற்றுப் பருக்கைதான். பழைய ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு மண்பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று உள்ள இடமாகப் பார்த்து மாலையில் கவிழ்த்துவைப்பார்கள். காலையில் பானையை எடுத்தால் கறையான் அப்பியிருக்கும். செலவில்லாத உயர்ந்த புரதம். இன்றைய கால்நடை விரிவாக்கக் கையேடுகளும் இதைச் சிபாரிசு செய்கின்றன.

முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகக் கோழியின் எலும்புக்குள் இன்னொரு வேலை நடக்கிறது. இந்த முழுக் கதையிலும் வியப்பான பகுதி இதுவே. தொடையெலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் உட்குழிவில், மஜ்ஜை இருக்கும் இடத்தில், புதிதாக ஒரு நொய்ய எலும்புத் திசு படரத் தொடங்குகிறது. உடலைத் தாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டிவைப்பதுபோல் சுண்ணாம்புச் சத்தைச் சேமித்துவைக்கும் இடம் அது. மஜ்ஜை எலும்பு என்று இதற்குப் பெயர். 1934இல் புறாக்களில் இது விவரிக்கப்பட்டது. 2005இல் மேரி ஷ்வைட்சர் என்ற அமெரிக்க அறிவியலாளரின் குழு, மான்டானாவில் கிடைத்த டைரனோசாரஸ் ரெக்ஸ் தொடையெலும்பு ஒன்றில் இதே வகைத் திசுவைக் கண்டதாக அறிவித்தது. சுமார் 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த விலங்கு முட்டையிடும் பருவத்துப் பெண் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். கொல்லையில் குப்பை கிளறும் வெடக்கோழி செய்யும் வேலையை அந்த ராட்சசியும் செய்திருக்கிறாள்.

இவ்வளவு முன்னேற்பாடு எதற்கு? ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். கோழியின் இரத்தத்தில் எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருப்பது அதில் மிகச் சிறு பங்குதான். ஓடு கட்டப்படும்போது இரத்தத்திலுள்ள கால்சியம் சில நிமிடங்களுக்கொருமுறை காலியாகி நிரம்ப வேண்டியிருக்கிறது. மேலும் ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டப்படுகிறது. பகலில் தின்றது விடியுமுன் குடலில் தீர்ந்துபோகும். அப்போது கை கொடுப்பது எலும்பின் சேமிப்பு. நொறுக்கிய கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்தால் முட்டையிடும் கோழி மாலையில் அதைத் தேடித் தின்பதற்கு இதுவே காரணம். அதே கிளிஞ்சலையோ, கால்சியம் மிகுந்த முட்டைக்கோழித் தீவனத்தையோ இரண்டு மாதக் குஞ்சுக்கு வாரிப் போடுவது தவறு, சிறுநீரகம் கெட்டுவிடும். அதது அந்தந்த வயதில்.

முதிர்ந்த மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்டுச் சினைக்குழாயின் புனல் போன்ற வாயில் விழுகிறது. சேவலோடு சேர்ந்திருந்தால் கருவுறுவது இந்த இடத்தில், முதல் கால் மணி நேரத்துக்குள். சேவலே இல்லாவிட்டாலும் முட்டை வரும், குஞ்சுதான் வராது. அடுத்த மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சுற்றிக்கொள்கிறது. பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இரட்டைச் சவ்வு. மீதி 20 மணி நேரமும் ஓட்டுக்கே. கடைசி சில மணி நேரத்தில் பழுப்பு நிறம் மேலே பூசப்படுகிறது. அந்த நிறம் கோழியின் மரபைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல. ‘பழுப்பாக இருக்கிறது, ஆகவே நாட்டு முட்டை’ என்று கடையில் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. பழுப்பு ஓட்டு முட்டையைக் கூண்டுக் கோழியும் இடும்.

மொத்தம் 24 முதல் 26 மணி நேரம். முட்டை வெளியே வந்து அரை மணி நேரம் போல் கழித்துத்தான் அடுத்த கரு விடுபடும் என்பதால், முட்டையிடும் நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். ஒரு கட்டத்தில் ஒரு நாள் விட்டுப்போகும். மறுநாள் காலை மீண்டும் தொடங்கும். ‘நேற்று ஏன் போடவில்லை’ என்று கோழியைத் திட்டுவதில் பயனில்லை. அதன் கணக்கு 24 மணி நேரக் கணக்கல்ல.

நாள் நெருங்கியதைக் காட்டும் அடையாளங்களைப் புத்தகம் படிக்காதவர்களும் அறிவார்கள். வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் சிவந்து தடிக்கும். கையை முதுகருகே கொண்டுபோனால் ஓடாமல் இறக்கையைச் சற்று விரித்துப் பதுங்கும். வாலடியில் இரண்டு கூரான இடுப்பெலும்புகள் தட்டுப்படும். முன்பு ஒரு விரல் நுழையவே இடமில்லாத அந்த இடைவெளி இரண்டு, மூன்று விரல் அகலத்துக்கு விரியும். பிறகு கோழி கேறத் தொடங்கும். விறகடுக்கு, பரண், பழைய கூடை, பஞ்சாரத்தின் இருண்ட மூலை என்று ஒவ்வோர் இடமாக எட்டிப் பார்த்துத் திரும்பும்.

இந்த இடம் தேடும் படலத்தை 1960களில் எடின்பரோவில் வுட்-கஷ், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கரு விடுபட்ட பின் சினைப்பையில் எஞ்சியிருக்கும் வெறும் உறையை அறுவை செய்து நீக்கியபோது, மறுநாள் கோழி கூடு தேடுவது குலைந்துபோனது. முட்டை உள்ளே முட்டுவதால் கோழி தவிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் முந்தைய நாள் காலியான உறையிலிருந்து கிளம்பும் ஹார்மோன் சமிக்ஞைதான் அதை அலையவிடுகிறது. இந்தச் சமயத்தில் இருட்டான ஒரு மூலையில் வைக்கோல் போட்ட கூடையும், அதில் முட்டை போன்ற கூழாங்கல் ஒன்றும் வைத்தால் பெட்டை அங்கேயே பழகிக்கொள்ளும். வைக்காவிட்டால் வேலிக்கு அப்பால் போய் இடும்; கீரிக்குத்தான் கொண்டாட்டம்.

முதல் முட்டையைக் கையில் எடுத்தவர்கள் பலர் ஏமாந்துபோவது வழக்கம். லெகார்ன் முட்டை 55 கிராம் வாக்கில் இருக்கும். நாட்டுக்கோழியின் முழு முட்டையே 40 கிராம் அளவுதான். முதல் முட்டை அதிலும் சிறிது. ஓட்டின்மேல் இரத்தக் கீற்று இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சள் கருவே இல்லாத குட்டி முட்டை வரும். ஓடே இல்லாத தோல்முட்டை வரும். ஒரே நேரத்தில் இரண்டு கருக்கள் முதிர்ந்து விடுபட்டால் இரட்டைக்கரு முட்டையும் வரும். இளங்கோழிகளிடம் அது அதிகம். சினைப்பை, சினைக்குழாய், எலும்பு மூன்றும் ஒன்றோடொன்று ஒத்திசைய சில வாரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தோல்முட்டை மாதக்கணக்கில் தொடர்ந்தால் கால்சியம் போதவில்லை என்று பொருள். சித்திரை வெயிலில் ஓடு மெலிவதற்கு வேறு காரணம் உண்டு. கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அப்போது கார்பன் டையாக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுவதால் ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் குறைந்துவிடுகிறது. நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் இதற்கு மருந்து.

பத்து, பன்னிரண்டு முட்டை இட்டதும் நாட்டுக்கோழி நிறுத்திவிட்டு அடைக்கு உட்காரும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் உயர்ந்து சினைப்பையை ஓயவைக்கிறது. 21 நாள் அடை, அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் குஞ்சுகளோடு அலைச்சல், பிறகு மீண்டும் அடுத்த ஈடு. ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடுதான். இந்த ஓய்வைச் சோம்பல் என்று நினைத்து, அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கியெடுப்போர் இன்னும் இருக்கிறார்கள். லெகார்னிடம் அடைக்கு உட்காரும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டித்தான் 300 முட்டை வாங்கினார்கள். அந்தக் கோழியால் தன் குஞ்சைத் தானே பொரிக்க இயலாது. இன்குபேட்டர் இல்லையென்றால் இனமே இல்லை.

வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு நாலைந்து முட்டைதான் இடும், அதுவும் பருவத்தில் மட்டும். 2020இல் 863 கோழி மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பகுதியில் வாழும் செங்காட்டுக்கோழிக் கிளையினத்தையே வீட்டுக்கோழியின் மூலமாகச் சுட்டியது. அதற்குப் பத்தாண்டு முன்னதாக, ஏறக்குறைய எல்லா வீட்டுக்கோழிகளிலும் ஒரு குறிப்பிட்ட மரபணு வடிவம் நிலைபெற்றிருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். பகல் நீளத்துக்கேற்ப இனப்பெருக்கத்தை முடுக்கும் ஏற்பாட்டில் அந்த மரபணுவுக்குப் பங்குண்டு. பருவக் கட்டுப்பாடு தளர்ந்து ஆண்டு முழுக்க முட்டை கிடைக்க அது உதவியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். நம் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் காலுக்கும் மஞ்சள் தோலுக்கும் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் தெரியவந்தது.

கூடுதல் முட்டை வேண்டுவோருக்கு நடுவழி ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் உள்ள மத்தியக் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடைக்கென்றே வனராஜா, கிராமப்பிரியா ஆகிய இனங்களை உருவாக்கியிருக்கிறது. வனராஜா ஆண்டுக்கு 100 முட்டைக்குச் சற்று மேலும், கிராமப்பிரியா 200க்கு மேலும் இடும். ஆனால் இவை பெரும்பாலும் ஒழுங்காக அடைக்கு உட்காரா. முட்டை மட்டும் போதுமென்றால் கிராமப்பிரியா, கொல்லையிலேயே வம்சம் பெருக வேண்டுமென்றால் நாட்டுக்கோழி என்று பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புறக்கடைக் கோழிகள் 31 கோடிக்கு மேல். முந்தைய கணக்கெடுப்பைவிட 46 சதவீதம் கூடுதல். ஆகவே இது பாட்டி காலத்துப் பழக்கமாகத் தேய்ந்துவிடவில்லை.

முட்டைக்காகக் காத்திருந்த எத்தனையோ வீடுகளில் கூட்டையே காலியாக்கியது வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு மருந்து இல்லை. முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி என்று அரசு கால்நடை மருந்தகத்தில் சொல்லும் அட்டவணையைத் தவறவிடக் கூடாது. முட்டைக்கு வரும் வாரத்தில் ஊசி, இடமாற்றம், புதுக் கோழி சேர்ப்பது என்று எந்தக் கலவரமும் வேண்டாம். அதையெல்லாம் முன்னதாகவே முடித்துவிட வேண்டும்.

இளம்பெட்டையின் ஆரம்ப முட்டைகளை அடைக்கு வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சின்ன முட்டையில் சின்னக் குஞ்சுதான் பொரியும், பொரிக்கும் விகிதமும் குறைவு. முதல் ஈட்டு முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்ததும், சேவலோடு மேயும் முதிர்ந்த கோழி ஒன்றின் முட்டைகளை, இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாதவையாகப் பார்த்துப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி அடியில் வையுங்கள்.